பள்ளி விடுமுறை பதினோரு வாரம், நம் லீவு பதினைந்து நாள்: டே கேம்ப் ஏற்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சியில் ஜூன் மூன்றாவது வாரம் பள்ளிக்கூடம் மூடினால், மறுபடி திறப்பது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தை ஒட்டித்தான். நடுவில் பத்து, பதினோரு வாரம். ஊருக்குப் போகிற வருஷம் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள். போகாத வருஷம்தான் கழுத்தைப் பிடிக்கும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், இருவர் லீவையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் முழுக் கோடையையும் தாண்ட முடியாது.

அமெரிக்காவில் இதற்கு வழக்கமான பதில், டே கேம்ப். காலையில் விட்டு மாலையில் அழைத்து வருகிற கோடை முகாம். எங்கள் வீட்டில் பெரியவள், சின்னவன் இருவரையும் வைத்துக்கொண்டு ஆறு கோடைகளை இப்படித் தள்ளியிருக்கிறோம். முதல் இரண்டு வருஷம் பட்ட பாட்டில் புரிந்தது இதுதான்: கேம்ப்காரர்கள் வாரக் கணக்கில் விற்கிறார்கள், நமக்கு வேண்டியதோ மணிக் கணக்கில். கேம்ப் என்பது குழந்தை விளையாடுவதற்காக உண்டானது; நம் அலுவலக நேரத்தை மனதில் வைத்து உண்டானதல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற ஓட்டைகளை அடைப்பதுதான் முழு வேலையும்.

நான் சொல்வது நியூ ஜெர்சி நடப்பு. டெக்சஸ், ஜார்ஜியா பக்கம் மே கடைசியிலேயே பள்ளி முடிந்து ஆகஸ்ட் முதல் பாதியில் திறந்துவிடும். அங்கே இருப்பவர்கள் மாதங்களை முன்னால் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு வரிக் கணக்கு மட்டும் எல்லா மாநிலத்துக்கும் பொது.

முதலில் காலண்டர், அப்புறம்தான் கேம்ப்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். பள்ளி மாவட்டத்தின் (உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகம்) காலண்டரை எடுத்து, கடைசி நாள் முதல் திறக்கிற நாள் வரை வாரத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். கடைசி நாளை பென்சிலால் எழுதுவது நல்லது. குளிர்காலத்தில் பனிக்காக விட்ட லீவுகளை ஜூனில் சேர்த்து ஈடுகட்டுகிற மாவட்டங்கள் உண்டு.

இப்போது ஏற்கனவே தீர்ந்த வாரங்களை அடியுங்கள். குடும்பத்தோடு வெளியூர் போகிற வாரம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிற வாரங்கள். இருவரில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை அடித்துவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து வேலை என்பது வேலையும் இல்லை, வீடும் இல்லை. அந்த நாட்களில் கிடைக்கிற ஒரே லாபம், மூன்று மணிக்குப் போய் அழைத்து வரலாம் என்பதுதான்.

தாத்தா பாட்டி விஷயத்திலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பி-2 என்கிற சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். அதனால் கோடை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்று தோன்றும். கார் ஓட்டத் தெரியாத, முட்டி வலி உள்ள இரண்டு பெரியவர்கள், பூங்காவுக்குக்கூட நடந்து போக முடியாத ஒரு புறநகர் வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு பத்து வாரம். பேரன் கையில் ஐபேட், தாத்தா கையில் ரிமோட் என்று முடியும். இரண்டு வாரம் என்றால் இரு தரப்புக்கும் சந்தோஷம். நாங்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

மிச்சமிருக்கிற வாரங்கள்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை. ஒவ்வொன்றின் எதிரிலும், காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மாலை எத்தனை மணிக்குக் கேம்ப் வாசலில் நிற்க முடியும் என்று உண்மையான நேரத்தை எழுதுங்கள். மன்ஹாட்டனுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர் ஐந்தரைக்கு அலுவலகம் முடிந்தால் ஆறுக்கு நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்க முடியாது. இருக்கிற மாதிரி எழுதினால் ஜூலையில் நிமிஷக் கணக்கில் அபராதம் கட்டுவீர்கள். தாமதமாக வருகிற பெற்றோருக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற கேம்ப்கள் நிறைய.

முதல் வருஷம் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அழகான பிரசுரம் ஒன்றைப் பார்த்து, பெரியவளை ரோபோ கேம்ப்பில் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துவிட்டேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்பது சின்ன எழுத்தில் இருந்தது. தினமும் பதினொன்றே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுக் காரில் ஓடினார். அரை நாள் கேம்ப் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை. எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இல்லை.

எந்தக் கேம்ப் யாருக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கீழே உள்ளவை மத்திய நியூ ஜெர்சியில் நான் பார்த்துப் பழகியவை, தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்ஷிப்பின், அதாவது ஊர் நிர்வாகத்தின், பொழுதுபோக்குத் துறை நடத்துகிற கேம்ப்தான் பெரும்பாலும் மலிவு. வாரத்துக்கு 150 முதல் 250 டாலருக்குள் முடியும். உள்ளூர்ப் பள்ளி மைதானத்திலோ பூங்காவிலோ நடக்கும். பள்ளித் தோழர்களே அங்கும் இருப்பார்கள் என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குறை என்னவென்றால், பல டவுன்ஷிப்களில் ஆறு வாரத்தோடு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடை கட்டிவிடுவார்கள். மூன்று மணிக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஒய்.எம்.சி.ஏ. கேம்ப்கள் நம் நேரத்துக்கு அதிகம் ஒத்துவருபவை. காலை ஏழு, ஏழரைக்கே விடலாம். மாலை ஆறு வரை பார்த்துக்கொள்கிற வசதி தனிக் கட்டணத்தில் உண்டு. நீச்சல் அநேகமாகக் கட்டணத்திலேயே அடக்கம். வாரத்துக்கு 300 முதல் 450 வரை. வருமானம் குறைவாக இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், விண்ணப்பத்தில் அதற்கென்றே இடம் இருக்கும்.

தனியார் கேம்ப்கள் வேறு உலகம். ஏக்கர் கணக்கில் புல்வெளி, மூன்று நாலு நீச்சல் குளம், வீட்டு வாசலுக்கே பஸ், மதியச் சாப்பாடு. நாலு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என்று மொத்தமாகத்தான் விற்பார்கள். வாரக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. பஸ் வசதிக்காக இதை எடுத்த ஒரு நண்பர், அந்தப் பஸ் காலை எட்டரைக்கு வந்து மாலை நாலரைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது என்று பிறகுதான் கவனித்தார்.

குழந்தை ஏற்கனவே போகிற டே கேர், பள்ளிக்குப் பின் போகிற மையம் ஆகியவற்றின் கோடைத் திட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கவர்ச்சி குறைவு. ஆனால் நேரம் அலுவலகத்துக்கு ஏற்றது, முகங்கள் பழகியவை, ஆகஸ்ட் கடைசி வரை திறந்திருப்பார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரை நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் கோடிங், செஸ், பரதநாட்டியம், கல்லூரிகள் நடத்துகிற டென்னிஸ், கூடைப்பந்து என்று ஒரு வாரச் சிறப்பு முகாம்கள். தேவாலயங்கள் நடத்துகிற கோடை பைபிள் பள்ளி பெரும்பாலும் ஒரு வாரம், அரை நாள், கட்டணம் மிகக் குறைவு. அங்கே கற்பிப்பது பைபிள் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். கோயில்கள் நடத்துகிற முகாமும் சில இடங்களில் உண்டு.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேம்ப்பை அடித்தளமாக வைத்து ஆறு, ஏழு வாரம் அங்கேயே விடுங்கள். சிறப்பு முகாம் ஒரு வாரம், போனால் இரண்டு. நம்மவர்களுக்கு ஒரு ஆசை வரும்: ஒரு வாரம் ரோபோ, மறு வாரம் செஸ், அதற்கடுத்து கணக்கு, அப்புறம் மேடைப் பேச்சு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது வாசல், புதுப் படிவம், புது முகங்கள். நட்பு பிடிக்கிற வியாழக்கிழமை வரும்போது கேம்ப் முடிந்துவிடும். எங்கள் பெரியவள் எட்டு வயதில் அப்படி ஐந்து இடம் மாறிவிட்டு, ஆறாவது திங்கள் காலை காரை விட்டு இறங்க மாட்டேன் என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். தப்பு அவள்மேல் இல்லை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

நியூ ஜெர்சியில் இளையோர் முகாம்களுக்கு மாநிலச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் சான்றிதழ் கொடுக்கிறது. இந்த வருஷச் சான்றிதழ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இதைத் தவிர அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்று 1910-இல் தொடங்கிய ஓர் அமைப்பு தரச் சான்று வழங்குகிறது. அது கட்டாயமல்ல, இல்லாவிட்டால் கேம்ப் மோசம் என்று பொருளும் இல்லை. ஆனால் அவர்கள் வகுத்த அளவுகோல் நமக்கு உதவும். பகல் முகாமில் ஐந்து வயது வரை ஆறு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், ஆறிலிருந்து எட்டு வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், ஒன்பதிலிருந்து பதினாலு வரை பத்துப் பேருக்கு ஒருவர்.

இந்தப் பொறுப்பாளருக்கு இங்கே கவுன்சிலர் என்று பெயர். வார்டு கவுன்சிலரை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், சில சமயம் பள்ளிக் கடைசி வகுப்பில் இருப்பவர்கள். அதில் தவறில்லை, நம் பிள்ளைகள் அவர்களைத் தெய்வமாகக் கொண்டாடுவார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே அனுபவமுள்ள பெரியவர் எத்தனை பேர், எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடந்ததா, போன வருஷ ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று கேளுங்கள்.

நீச்சலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க வேண்டும். முதல் நாளே நீந்தத் தெரிகிறதா என்று சோதித்துப் பிரிக்கிறார்களா? நல்ல இடங்களில் தெரிந்தவர், தெரியாதவர் என்று கையில் வண்ணப் பட்டை கட்டிவிடுவார்கள். உயிர்காப்பாளர் தவிர, கவுன்சிலர்களும் தண்ணீரில் இறங்கி நிற்கிறார்களா, கரையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்களா? மழை வந்தால், இடி இடித்தால், காற்றில் காட்டுத் தீப் புகை வந்தால் எங்கே வைத்துக்கொள்வார்கள்? “ஜிம்மில் படம் போடுவோம்” என்பது ஒரு நாளைக்குச் சரி. “பெற்றோரைக் கூப்பிட்டு அழைத்துப் போகச் சொல்வோம்” என்றால் அது உங்களுக்கான கேம்ப் இல்லை. ஜூலையில் மதியம் இடி மழை இல்லாத வாரம் அரிது.

பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர் நாள் வைப்பார்கள். பிள்ளையோடு போங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது, யார் கூட வருவார்கள் என்று கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவர்கள் இதை முன்பே யோசித்தவர்கள்.

இடம் பிடித்தல்

இது தட்கல் டிக்கெட் மாதிரி. டவுன்ஷிப் கேம்ப்புக்கு உள்ளூர்வாசிகளுக்கு என்று ஒரு நாள், ஒரு மணி குறித்திருப்பார்கள். அதற்கு முந்தைய வாரமே கணக்குத் தொடங்கி, வீட்டு வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ காட்டி முகவரியை உறுதி செய்து வையுங்கள். அன்று காலை ஆரம்பித்தால், சரிபார்ப்பு முடிவதற்குள் இடம் போய்விடும். முழு கேம்ப் நிரம்பாவிட்டாலும், கேம்ப் தொடங்குமுன் விடுகிற காலை முன்நேரம், முடிந்த பின் வைத்துக்கொள்கிற மாலை பின்நேரம் இரண்டும் முதலில் நிரம்பும். அவற்றைச் சேர்த்தே பதியுங்கள்.

வயதைவிட, செப்டம்பரில் எந்த வகுப்புக்குப் போகப் போகிறது என்பதை வைத்துத்தான் குழு பிரிப்பார்கள். இப்போது படிக்கிற வகுப்பைப் போட்டுவிட்டால் பிள்ளை சின்னவர்களோடு மாட்டிக்கொள்ளும்.

முன்பணம் திரும்புமா, எந்தத் தேதிக்கு மேல் திரும்பாது, ஒரு வாரத்தை வேறு வாரத்துக்கு மாற்றலாமா என்பதைப் படியுங்கள். ஜூலை 4 விடுமுறை வருகிற வாரத்தில் நாலு நாள்தான் நடக்கும். கட்டணத்தைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள், பலர் குறைப்பதில்லை. இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் மனம் தளர வேண்டாம். மே மாதம் மீதிப் பணம் கட்டும் கெடு வரும்போது பலர் விலகுவார்கள்.

வரியில் எவ்வளவு திரும்பும்

சாப்ட்வேர் எழுதுகிற ஊரில்கூட இதைத் தெரியாமல் விடுகிறவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

13 வயது நிரம்பாத பிள்ளையை, நாம் வேலைக்குப் போவதற்காக ஓரிடத்தில் விட்டால், அந்தச் செலவுக்கு மத்திய அரசு வரிச் சலுகை தருகிறது. பகல் கேம்ப் அதில் சேரும். கோடிங் கேம்ப், கால்பந்து கேம்ப் என்றாலும் சேரும். இரவு தங்குகிற கேம்ப் சேராது. 13-ஆவது பிறந்தநாள் ஜூலை 10 என்றால், ஜூலை 9 வரை நடந்த கேம்ப் மட்டும் கணக்கு.

வழி இரண்டு. ஒன்று, அலுவலகம் மூலம் வருகிற டிபெண்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. சம்பளத்தில் வரி பிடிக்குமுன்பே பணத்தை ஒதுக்கி வைப்பது. குடும்பத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 2025 வரை 5,000 டாலர்; 2026 முதல் சட்டப்படி 7,500. உங்கள் நிறுவனம் தன் திட்டத்தில் இந்தப் புது வரம்பை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஏப்ரலில் வரி தாக்கல் செய்யும்போது படிவம் 2441 மூலம் கேட்கிற வரி வரவு (டாக்ஸ் கிரெடிட்), அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிக்கிற தொகை. அதற்கு ஒரு பிள்ளைக்கு 3,000, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 6,000 டாலர் செலவு வரைதான் கணக்கு. எஃப்.எஸ்.ஏ.வில் எடுத்த பணத்தை அந்த 3,000 அல்லது 6,000-லிருந்து கழித்துவிடுவார்கள். ஒரே டாலருக்கு இரண்டு சலுகை கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடித்தளக் கேம்ப் ஏழு வாரம், வாரம் 380 வீதம் 2,660. முன்நேரம் பின்நேரம் சேர்த்து வாரம் 80 வீதம் 560. சிறப்பு முகாம் ஒரு வாரம் 450. ஒரு பிள்ளைக்கு 3,670, இரண்டு பிள்ளைக்கு 7,340. வருமான வரி 22 சதவீத அடுக்கில், சமூகப் பாதுகாப்பும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் 7.65 சதவீதம் பிடிக்கிற ஒருவர் இதை முழுக்க எஃப்.எஸ்.ஏ. வழியாகக் கட்டினால், கையில் மிச்சமாவது சுமார் 2,170 டாலர். ஊருக்குப் போக ஒரு விமான டிக்கெட்.

வரி வரவு 2025 வரை பெரும்பாலோருக்குச் செலவில் 20 சதவீதம்தான். 2026 முதல் கூட்டாகத் தாக்கல் செய்கிற தம்பதிக்கு 1,50,000 டாலர் வருமானம் வரை குறைந்தது 35 சதவீதம். அதற்கு மேல் படிப்படியாக 20-க்கு இறங்கும். எஃப்.எஸ்.ஏ. வசதி இல்லாத அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. நியூ ஜெர்சியும் 1,50,000 வரை வருமானமுள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வரவு தருகிறது. ஆனால் எஃப்.எஸ்.ஏ.வில் போட்ட பணத்துக்கு நியூ ஜெர்சி மாநில வரியில் விலக்கு கிடையாது.

நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும். ஒருவர், வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருகிற எச்-4 விசாவில், வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தால், மற்றவர் எஃப்.எஸ்.ஏ.வில் பணம் போட்டும் பயனில்லை. ஏப்ரலில் அந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தால் விதிவிலக்கு உண்டு, மாதத்துக்கு ஒரு வரம்போடு. பிள்ளைக்கு எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லையென்றால், அதற்குப் பதில் வரித் துறை தருகிற ஐ.டி.ஐ.என். எண் வேண்டும்.

எஃப்.எஸ்.ஏ.வுக்குப் பெயர் கொடுப்பது முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரில். அதாவது கோடைக்கான முதல் வேலை, இலை உதிர்கிற காலத்தில் வருகிறது. அதைத் தவறவிட்டிருந்தாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடமோ கட்டணமோ மாறினால் நடுவில் தொகையை மாற்ற அனுமதிக்கிற திட்டங்கள் உண்டு. மனிதவளத் துறையைக் கேளுங்கள். ஜனவரியில் கட்டிய முன்பணத்தை உடனே திரும்பக் கேட்க முடியாது, கேம்ப் நடந்த பிறகுதான் தருவார்கள். ஆண்டு முடிந்து மிச்சமிருந்தால் போச்சு, அதனால் நிச்சயமான செலவுக்கு மட்டும் போடுங்கள்.

படிவங்கள்

ஏப்ரலிலேயே குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். ஜூனில் எல்லாரும் போய் நிற்பார்கள். நியூ ஜெர்சியில் பொதுவாகக் கேட்பது குழந்தையின் பொது உடல்நலப் பதிவு என்ற படிவமும் தடுப்பூசிப் பட்டியலும். இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டி, இங்குள்ள பதிவில் ஏற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலர், ஒவ்வாமைக்கான எபிபென் ஊசி போன்றவற்றுக்கு மருத்துவர் கையெழுத்திட்ட உத்தரவு தனியாக வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கிற டைலெனால்கூட நாம் பையில் போட்டு அனுப்பக் கூடாது.

அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர் பட்டியலில் குறைந்தது நாலு பெயர் எழுதுங்கள். ரயில் நின்றுபோன நாளில் பக்கத்து வீட்டுத் தோழியின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், பிள்ளையே ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாலும் விட மாட்டார்கள். விடக் கூடாது. தாத்தா பாட்டி பெயரையும் சேர்த்து, அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பையும் டப்பாவும்

நீச்சலுடையை உள்ளே போட்டே அனுப்பலாம்; மாற்று உள்ளாடை பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. துண்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி, எல்லாவற்றிலும் பெயர். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். முதல் வாரத்திலேயே ஒரு துண்டும் ஒரு ஷூவும் காணாமல் போகும், வேறு யாருடையதோ ஒன்று வந்து சேரும்.

நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. தோல் எரிச்சல் நமக்கும் வரும். காலையில் வீட்டில் ஒரு முறை பூசிவிட்டு, மதியம் தானே பூசிக்கொள்ளப் பழக்குங்கள். சில கேம்ப்களில் கவுன்சிலர்கள் பூசிவிட மாட்டார்கள். எவ்வளவு பூசினாலும், வீடியோ காலில் பாட்டி “பிள்ளை இப்படிக் கறுத்துப்போச்சே” என்று சொல்வதை மட்டும் தடுக்க முடியாது.

சாப்பாட்டுக்குக் குளிர்பெட்டி வசதி பெரும்பாலும் இருக்காது. டப்பாவோடு ஐஸ் பேக் வைத்தால் தயிர்சாதம் தாங்கும். எலுமிச்சைச் சாதம், பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள் எல்லாம் கையால் எடுத்துச் சாப்பிட வசதியானவை. கடலை, முந்திரிக்குத் தடை இருக்கிற இடமென்றால் புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் வேர்க்கடலை போடாமல் தாளிக்க நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிடும். சைவக் குடும்பமாக இருந்தால் பீட்சா நாளைவிட, நெருப்பில் மார்ஷ்மெல்லோ சுடுகிற நாளைக் கவனியுங்கள். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் இல்லாத பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. முன்கூட்டியே கொடுத்து வைத்தால் பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

மாலையில் குளிக்க வைக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். புல்வெளியிலும் மரத்தடியிலும் திரிகிற பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில், உண்ணி கடித்து வருகிற லைம் நோய் பயம் உண்டு. முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடிக்குள். எள் அளவுதான் இருக்கும். நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். தலையைப் பார்க்கும்போதே பேனையும் பார்த்துவிடலாம். தொப்பியும் ஹெல்மெட்டும் கைமாறுகிற இடம் அது. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பேன் சீப்பு இந்த ஊரிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

முதல் வாரம்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் மீட்டிங் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிவிடுகிற வரிசையே அரை மணி நேரம் பிடிக்கும். அழுதால், நின்று சமாதானம் செய்யாமல் சட்டென்று கிளம்புவது நல்லது. கல்நெஞ்சு மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் அழுகை நின்றதாக எனக்குப் போன் வந்தது, அழுதுகொண்டிருந்தது நான்தான்.

மாலையில் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “ம்” என்று பதில் வரும். “இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?”, “எந்தக் கவுன்சிலர் ரொம்பக் கத்துறாங்க?” என்று கேளுங்கள், கதை வரும். உடம்பைத் தொடுவது, உடை மாற்றுகிற அறையில் தனியாக இருப்பது, “அம்மாகிட்ட சொல்லாதே” என்று யாராவது சொல்வது, இதையெல்லாம் கேம்ப் தொடங்குமுன் ஒரு முறை நிதானமாகப் பேசிவிடுங்கள். பயமுறுத்த வேண்டாம், சாலையைக் கடக்கச் சொல்லிக் கொடுக்கிற குரலிலேயே சொல்லலாம். புதன்கிழமை வரை களைப்பும் சிணுங்கலும் சகஜம். இரண்டாவது வாரமும் வயிற்று வலி, தலைவலி என்று காலையில் தொடர்ந்தால், கேம்ப் இயக்குநரிடம் நேரில் பேசுங்கள்.

ஆகஸ்ட் பள்ளம்

கல்லூரி திறந்ததும் கவுன்சிலர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் பெரும்பாலான கேம்ப்கள் ஆகஸ்ட் நடுவில் முடியும். பள்ளி திறக்க இன்னும் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். ஜனவரியில் போட்ட காலண்டரில் இந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால், லீவை இங்கே சேமித்து வையுங்கள், ஜூலையில் செலவழிக்காதீர்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது கூட்டுறவு முறை. ஒரே வயதுப் பிள்ளைகள் உள்ள ஐந்து குடும்பம் சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு நாள் லீவு, அன்று அத்தனை பிள்ளைகளும் அந்த வீட்டில். ஒரு நாள் லீவில் ஒரு வாரம் ஓடிவிட்டது. முன்கூட்டியே பேச வேண்டியவை உண்டு: எத்தனை மணிக்குக் கொண்டு விடுவது, திரை நேரம் எவ்வளவு, காரில் எங்காவது கூட்டிப் போகலாமா, யாருக்கு எது ஒவ்வாது. நீச்சல் குளம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். எட்டுப் பிள்ளைகளை ஒரு ஆள் தண்ணீரில் பார்க்க முடியாது. வெயில் கடுமையான மதியங்களுக்கு நூலகம் இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து பிள்ளைகளே அந்த வாரத்துக்குப் பெயர் வைத்து, எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பள்ளி திறந்த வாரத்தில் கடைசியாகச் சில வேலை. கேம்ப்பிடமிருந்து பிள்ளையின் பெயர், தேதிகள், கட்டிய தொகை, அவர்களின் வரி அடையாள எண் நாலும் உள்ள ரசீதை வாங்கி, எஃப்.எஸ்.ஏ.வில் பதிவேற்றுங்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருந்தால் படிவம் 2441-இல் எண்ணுக்குப் பதிலாக அப்படியே குறிப்பிடலாம். பிள்ளையிடம் அடுத்த வருஷமும் அங்கேயே போகலாமா என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஜனவரியில் கேட்டால் நினைவிருக்காது.